சாக்குச் சாயம் என்று நினைத்தேன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புகைமூட்டம். சூரியன் வெறும் சிவப்பு வட்டம். தொண்டைக் கரகரப்பு. பிரஷர் 158/90. தின்றதையெல்லாம் எழுதச் சொல்லிக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், எழுதுகிறேன். காலையில் ரொட்டி இரண்டு, தேத்தண்ணி. மத்தியானம் சோறு, முருங்கைக்கீரை, நெத்திலி வறுவல். நெத்திலியை அங்கே சொல்லப் போவதில்லை.

பத்து மணிக்குச் சின்னப்பன் மோட்டர் சைக்கிளில் வந்தான். இதே லயத்து வரிசையில் எட்டாம் நம்பர் வீடு, லைசென்ஸ் துப்பாக்கிக்காரன். உரச் சாக்கில் காட்டுப்பன்றித் தொடை ஒன்று, விலா ஒரு பக்கம். ஓடைக்கு அந்தப் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் சுட்டதாம்.

“பெரியம்மா, உதிரிப் பழம் தின்னு தின்னு என்னா சதை பாருங்க. இது ஒங்க பங்கு. பொகை போட்டா எனக்கும் ரெண்டு துண்டு.”

“எனக்குக் குடுத்த பங்குலயே பங்கு கேக்குறியா?”

“சும்மா கேட்டேன் லா.”

அவன் போன கொஞ்ச நேரத்தில் போன். கலா. என் தம்பி மகள், ராசா டவுனில் வீடு, தம்பியும் அவளோடுதான்.

“அத்தை, காட்டுப்பன்னி கெடைச்சா கொஞ்சம் பொகை போட்டுக் குடுங்களேன். உப்பு இல்லாம. கடையில விக்கிறது உப்புல ஊறுனது, அப்பாவுக்கு ஆகாது. ரத்தம் கொறைவா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காட்டுக் கறியில கொழுப்பு கம்மி, இரும்புச்சத்து ஜாஸ்தின்னு படிச்சேன். அப்பாவும் அக்கா போடுற பொகைக்கறின்னா சாப்புடுறேங்கிறாரு.”

“யாரு அக்கா?” என்றேன்.

“போட்டு வைங்க அத்தை,” என்று கலா போனை வைத்தாள்.

தம்பிக்கு நாலு மாதத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. அவன் பேரை இந்தப் புத்தகத்தில் முழுசாக எழுத மாட்டேன். சு. போதும்.

அவனோடு பேசி முப்பத்தொரு வருஷம். இது ரப்பர்த் தோட்டமாக இருந்த காலம். என் வீட்டுக்காரர் லோரியிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்திருந்தார். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. வேட்டைக் கூட்டம் ஒன்பது பேர், சு. தான் தலைவன். எங்கள் நாய் கறுப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பன்றி கிழித்து அது செத்தது. நாய்க்கார வீட்டுக்கு நாய்ப் பங்கு உண்டு. கூட்டத்து ஆள் படுத்துக் கிடந்தாலும் ஆள் பங்கு உண்டு. ஆக இரண்டு பங்கு வர வேண்டும். ஒரு எலும்பு வரவில்லை. என் மூன்று பிள்ளைகளும் அக்கம்பக்கத்துக் குழம்பு வாசனையில் உட்கார்ந்திருந்தன. சு. என் வாசலைத் தாண்டிப் போனான். பச்சைச் சட்டை. தலை நிமிரவில்லை. அன்றோடு சரி.

கலாவுக்காகப் போடுகிறேன். அவனுக்காக இல்லை.

மத்தியானம்: கறி வெட்டினேன். கொழுப்பை முதலில் எடுத்துவிட வேண்டும், புகையில் சிக்கடிக்கும். எடுக்கும்போது அங்கங்கே நீலம். உரச் சாக்கின் நீல எழுத்து ஈரத்தில் சாயம் விட்டிருக்கிறது. முன்பும் ஆனதுண்டு. புளித்தண்ணியில் கழுவித் துடைத்தேன். கொழுப்பு ஐஸ்பெட்டியில், பிறகு உருக்கலாம். கறி இரண்டு விரல் கனத்தில் நீளத் துண்டுகள். மஞ்சள், மிளகு, பூண்டு. உப்பு இல்லை. கை தானாக உப்பு ஜாடிக்குப் போகிறது, இரண்டு தடவை தட்டி இழுத்தேன்.

ஜூலை 9, புதன்

நாள் முழுக்க டிரம் பக்கத்திலேயே. பாதியாய் வெட்டிய டிரம், மேலே கம்பி வலை. தேங்காய் மட்டை, சிரட்டை, அடியில் ரப்பர்க் கட்டை. உப்பில்லாத கறி சீக்கிரம் கெடும். அதனால் முதலில் நல்ல சூடு, கறி ஓரம் இறுகிய பிறகுதான் மெதுப் புகை. தீ எழுந்தால் தண்ணி தெளி. எழுந்தது. தெளித்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். முற்றம் இரண்டு தடவை கூட்டினேன். இன்னொரு தடவை கூட்ட விளக்குமாற்றை எடுத்தபோது மருமகள் பத்மா சமையல்கட்டிலிருந்து:

“ஊரே பொகை. இதுல அத்தை வேற தனியா ஒரு பொகை. தம்பிக்குன்னா வேலை ஜோராதான் நடக்குது.”

“கலாவுக்கு.”

“சரி, கலா வாயால தின்னுக்கட்டும் அவங்க அப்பா.”

இந்த வாய் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. கல்யாணப் பந்தலிலேயே பார்த்தேன், ரசத்தைக் குறை சொன்னாள்.

கலாவுக்கு எழுதி வைத்த தாள், இங்கேயும் ஒரு தடவை:

வெந்நீரில் அரை மணி ஊற வை, கத்தியால் கறுப்பைச் சுரண்டு, கரி வயிற்றுக்கு ஆகாது
ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணியைக் கொட்டு
சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு, எலுமிச்சை வாசத்துச் செரைப்புல் ஒரு தண்டு தட்டிப் போட்டு மெத்தென்று வேக வை
உப்புக்குப் பதில் புளி, தேங்காய்ப்பால் வேண்டவே வேண்டாம்
நாளைக்கு மூன்று துண்டு, மேலே கேட்டால் இல்லை என்று சொல்
கூட எலுமிச்சை அல்லது கொய்யா, இரும்பு உடம்பில் ஒட்ட அது வேண்டுமாம், கிளினிக் நர்ஸ் எனக்குச் சொன்னது
தின்ற கையோடு தேத்தண்ணி கூடாது

டின்னில் அடுக்கும்போது நல்ல துண்டு பொறுக்கிப் போடவில்லை. கைக்கு வந்ததைத்தான் போட்டேன். இரண்டை மட்டும் மாற்றினேன், நார் அதிகம்.

ஜூலை 10, வியாழன்

மகன் மணி லோரியில் ஜொகூர் போகிறான், ராசா வழி. பிஸ்கட் டின் அவனிடம். திங்கள்தான் திரும்புவான்.

மூட்டம் விடவில்லை. முழங்கால் வலி. பசியாற இட்லி மூன்று.

சாயங்காலம் கலா போன். “அப்பா மூணு துண்டும் சாப்புட்டாரு அத்தை. அக்கா கை மாறலன்னாரு.” போனை வைத்துவிட்டேன். கை மாறவில்லையாம். எதுதான் மாறியது.

பத்மா இந்தக் கறி தொட மாட்டாள், புகை வாசனை ஆகாது. எனக்கு எடுத்து வைத்தது இன்னும் வலையில் காய்கிறது. சனிக்கிழமை சமைக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

கறி கிடையாது. சாம்பார், பயற்றங்காய். கோயிலுக்குப் போய் வந்தேன்.

சு. வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல் தின்றிருக்கிறான், கலா சொன்னாள். அவன் எப்போது பார்த்தான்.

உட்கார முடியவில்லை இன்று. காரணம் இல்லை. துணி மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொழுப்பை உருக்க எடுத்தேன். கட்டியைக் குறுக்கே வெட்டினேன். உள்ளேயும் நீலம். சாக்குச் சாயம் மேலேதானே ஒட்டும், நடுக் கொழுப்புக்குள் எப்படிப் போகும்? இன்னொன்று வெட்டினேன். நீலம். அடுத்தது. நீலம்.

கத்தியை வைத்துவிட்டேன்.

எலி மருந்து. செம்பனை மரத்தடியில் ஒவ்வொரு கட்டியாக வைப்பார்கள், மெழுகு மாதிரி, நீலக் கட்டி. பதினொரு வருஷம் வைத்தவள் நான். வாளி தூக்கி, நிரை நிரையாக. உதிரிப் பழத்தோடு பன்றி அதையும் தின்னும். அந்த வருஷங்களில் ஒரே தடவை இப்படி நீலக் கொழுப்பு பார்த்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “இது ரத்தத்த ஒறைய விடாது. எலி உள்ளுக்குள்ள ரத்தம் ஒழுகிச் சாவும். இந்தக் கறிய வேக வெச்சாலும் பொகை போட்டாலும் மருந்து போவாது.” வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம். அப்போதெல்லாம் மருந்து வைத்தால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலை வாங்கும் மண்டோர் சொல்வார், இரண்டு மாதம் வேட்டை கிடையாது. வைத்ததே நம் பெண்கள்தான், லயம் முழுக்கத் தெரியும். இப்போது வைப்பது வெளிநாட்டு ஆட்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவர்கள் செய்வது தெரியாது.

சு. தின்கிற மாத்திரையும் ரத்தத்தை உறைய விடாத மாத்திரை. அதன் மேல் இது. இரண்டு நாளாக. என் கையால்.

ஓடை தாண்டிப் போய்ப் பார்த்தேன். மரத்தடியில் கடித்துப் போட்ட நீலத் துணுக்கு. வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை.

சின்னப்பனிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் நடைதான், ஆனால் மூச்சு வாங்க. முதலில் சண்டைக்கு வந்தான்.

“என் பன்னியில வெஷமா? ஆறு வீட்டுக்குக் குடுத்திருக்கேன், பெரியம்மா. சும்மா பேசாதீங்க.”

“ஒன் வீட்டுக் கறிய எடு. கொழுப்ப வெட்டு.”

வெட்டினான். உட்கார்ந்துவிட்டான்.

கலாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன், மூச்சு விடாமல்.

“அத்தை, பத்மா அக்கா அன்னிக்கே சொன்னாங்க, நீங்க மனசில்லாமதான் குடுத்தீங்கன்னு. இப்ப அப்பா நல்லா சாப்புட ஆரம்பிச்சதும்...”

“ஆரம்பிச்சதும்? சொல்லு.”

“ஒங்களுக்குப் பொறுக்கல.”

பின்னாலிருந்து அவன் குரல், வயசாகிப் போன குரல்: “வெஷம்னு சொல்றாளா? அது முப்பது வருஷமா அவ வாயிலதான் இருக்கு.”

முப்பத்தொன்று. அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. யார் பேச்சை யார் நம்புவார்கள். என் கோபம் லயத்துக்கே தெரியும், ராசா வரைக்கும் தெரியும். நான் “தின்னாதே” என்றால் கொடுக்க மனசில்லை என்றுதான் அர்த்தம். நானே அப்படி ஆக்கி வைத்திருக்கிறேன்.

கொழுப்பை ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டேன். சின்னப்பன் மற்ற வீடுகளுக்கு, கறியைத் தொடாதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு.

“பெரியம்மா, நீங்க அத இழுத்தா காடி வேகமா போவாது.”

ராசா வந்தபோது இரண்டு மணி. கலா கம்பிக் கதவைத் திறந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவன் மேசையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். தட்டில் நான் வெட்டிய துண்டு, பக்கத்தில் நான் எழுதிய எலுமிச்சை. ஆள் பாதியாகிவிட்டான். கழுத்தெலும்பு தெரிகிறது. பார்க்காமலே பார்த்தேன்.

“கலா, அந்தத் தட்ட எடு,” என்றேன்.

“கலா, வந்தவங்கள ஒக்காரச் சொல்லு. தட்டு எங்கயும் போவாது.”

“கலா, அதுல எலி மருந்து இருக்குன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு.”

“கலா, அனுப்புனவங்ககிட்டயே கேளு, யாரு வெச்சதுன்னு.”

“ரெண்டு பேரும் என்னைய விட்டுடுங்களேன்!” கலா கத்தினாள்.

சின்னப்பன் பாட்டிலை மேசையில் வைத்தான். “பாருங்கண்ணே, கொழுப்புல நீலம்.”

“கொழுப்பு யாருக்குத்தான் இல்ல,” என்றான் அவன், என் பக்கம் பார்க்காமல். அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான். சட்டை இல்லாத கை. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுநீலம்.

“கலா, கையில என்னா அது?”

“காலையில கதவுல லேசா இடிச்சிக்கிட்டாரு.” கலா குரல் மெல்ல இறங்கியது. “பல்லு வெளக்குறப்பவும் ரத்தம் வந்துச்சு. பிரஷ் பழசுன்னாரு.”

அவன் மெல்வதை நிறுத்தவில்லை. “எங்கிட்ட சொல்லணும்னா எங்கிட்டயே சொல்லட்டும். கலா என்னா தபால்காரியா?”

அந்தப் பேரை நான் சொல்லி எவ்வளவு காலம். இந்தப் புத்தகத்தில்கூட எழுதவில்லை.

“டேய் சுப்பையா. சட்டையப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

மெல்வது நின்றது. என்னைப் பார்த்தான். வாயிலிருந்ததைக் கையில் துப்பினான். தட்டோரம் வைத்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“எந்தச் சட்டை?” என்றான்.

கலா அவனையே பார்த்தாள். “அப்பா, இவ்வளவு நேரம் நம்பலையே?”

“பொய் சொல்றதுக்காக அவ என் பேரச் சொல்ல மாட்டா.”

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர். கலா மலாயில் சொன்னாள், நான் பாட்டிலைத் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்தார், பிறகு மூடிக் கொடுத்தார், பிறகு மறுபடி வாங்கி வைத்துக்கொண்டார். ரத்தம் உறைய எடுக்கும் நேரக் கணக்கு எங்கேயோ ஏறிக் கிடக்கிறதாம். உறைய வைக்க மருந்து கொடுக்கலாம், ஆனால் அளவு கூடினால் புது வால்வு அடைத்துக்கொள்ளும். குறைந்தால் உள்ளே ஒழுகும். வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

இன்று முழுக்க போனைப் பார்த்தபடி. பிரஷர் எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப் போகிறது.

தின்றது: கஞ்சி. மற்றது ஞாபகமில்லை.

ஜூலை 14, திங்கள்

காலையில் கலா போன். கணக்கு இறங்குகிறது, ரத்தக் கசிவு இல்லை. இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள். கடைசியில், “அத்தை, அன்னிக்குப் போன்ல பேசுனது...” என்று இழுத்தாள். “சாப்புட்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டேன். மன்னிப்பு கேட்டால் மன்னிக்க வேண்டியிருக்கும். அது இப்போது முடியாது. வேலை இருக்கிறது.

சின்னப்பனும் நானும் ஆறு வீடும் ஏறி இறங்கினோம். நாலு வீட்டில் இன்னும் சமைக்கவில்லை. இரண்டு வீட்டில் முன்பே தின்றுவிட்டார்கள், சின்னப்பன் அவர்களைக் கிளினிக்குக் கூட்டிப் போனான். ஐந்தாம் வீட்டு ஆரோக்கியம் சட்டியை மூடிக்கொண்டு நின்றான்:

“பெரியம்மா, இப்ப யாரு மேல கோவம்? பன்னி மேலயா?”

“சட்டியக் குடு. கோவத்த அப்புறம் சொல்றேன்.”

கொடுத்தான். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான்.

நாய், கோழி கிளறாத ஆழத்துக்குக் குழி. சுண்ணாம்பு போட்டு மூடினோம். நான் வலையில் காய வைத்ததும் போனது. நல்ல நிறம் வந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து மண்டோரிடம் போய், மருந்து வைத்தால் எங்கள் லயத்துக்கும் சொல்லியனுப்பு என்று சத்தம் போட்டேன். சரி என்றான். சொல்வானா, பார்க்கலாம்.

மணி மத்தியானம் வந்துவிட்டான். பத்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கேட்காமல். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

மூட்டம் கொஞ்சம் விலகியது. பஸ்ஸில் தனியாக ஆஸ்பத்திரி போனேன். கலா வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலில் அவன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வைத்திருந்தான்.

“உப்பு இல்ல,” என்றான்.

“நான் போட்டதுலயும் உப்பு இல்ல.”

“அது வேற.”

தட்டை இழுத்து மீனில் முள் எடுத்து வைத்தேன். தின்றான். கையில் கறுநீலம் பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டில் ஆள் இருமினான்.

“அக்கா, கோவம் போச்சா?”

“போகல.”

“அப்ப ஒண்ணு சொல்றேன். மச்சான் சொல்லாதேன்னாரு, அதான் சொல்லல. அன்னிக்கு ஒங்க ரெண்டு பங்கையும் எடுத்துக்கிட்டு ஒன் வாசலுக்குத்தான் வந்தேன். நீ தண்ணிக்குப் போயிருந்த. மச்சான் படுத்துக்கிட்டே, ‘ஆறாம் நம்பர் ராஜம்மாவுக்குக் கொண்டு குடுத்துரு, பிள்ளை பெத்தவ, பாலு இல்ல, அவ புருஷனுக்குப் பங்கு கெடையாது. ஒங்கக்காகிட்ட சொல்லாத, மூணு பிள்ளைய வெச்சிக்கிட்டுக் கத்துவா’ன்னாரு.”

“முப்பத்தொரு வருஷம் வாயில என்னா வெச்சிருந்த?”

“நீ பேசுனாத்தான சொல்றதுக்கு.”

“அவரு செத்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல?”

“செத்தவர எப்படிக்கா காட்டிக் குடுக்குறது.”

பொய் என்றேன். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்காரத் தோன்றவில்லை, இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொய்யாகத்தான் இருக்கும். அவர் போய் ஒன்பது வருஷம், யாரிடம் கேட்பது. ராஜம்மா குடும்பம் தோட்டத்தை விட்டு எங்கே போனதோ.

ஆறாம் நம்பர். அந்த ஆடியில் ராஜம்மாவுக்குப் பெண் குழந்தை, பிறந்து பதினொரு நாள். பால் பற்றாமல் வீறிட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணிக் குடத்தோடு அந்த வாசலைத் தாண்டி வந்தேன். உள்ளே கறி கொதித்தது. மிளகு தூக்கலாக. அவள் புருஷன் பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன், வேட்டைக்குப் போனதே கிடையாது. இவளுக்கு ஏது கறி என்று அன்றைக்கே நினைத்தேன். அவளோடும் பேச்சை நிறுத்தினேன்.

அன்று சாயங்காலத்துக்கு மேல் அந்தக் குழந்தை அழவில்லை, வயிறு நிறைந்திருக்கும். அதுவும் ஞாபகம் இருக்கிறது.